பணயமாகப் போன பையன்

சென்ற வாரம் உங்களை ரன்னிமீட் புல்வெளியில் நிற்கவைத்துவிட்டுப் போனேன். 1215 ஜூன் மாதம். ஒரு பக்கம் ஜான் மன்னன், எதிரே ஆயுதத்தோடு பிரபுக்கள், நடுவே மேக்னா கார்ட்டா. முத்திரை விழும் காட்சி இந்த வாரம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் சாசனத்தின் முகப்பே காலை வாரிவிட்டது. மன்னனுக்கு ஆலோசனை சொன்ன பெரியவர்கள் என்று அதில் ஒரு நீண்ட பட்டியல். ஆர்ச்பிஷப்புகள், பிஷப்புகள், போப்பின் ஆள் எல்லாரும் முடிந்தபின், பிரபுக்கள் வரிசையில் முதலாவதாக நிற்கிறது வில்லியம் மார்ஷல் என்ற பெயர். மன்னன் பேச்சு மாறாமல் கண்காணிக்க எதிர்த்தரப்பு பொறுக்கியெடுத்த 25 பேரைப் பார்த்தால், அதிலும் ஒரு வில்லியம் மார்ஷல்! முன்னவர் அப்பா. பின்னவர் மூத்த மகன்.

இங்கிலாந்து ராஜாக்களைப் பற்றி விறுவிறுப்பாக எழுதி விற்கும் புத்தகங்களில் இந்த அப்பா அத்தியாயத்துக்கு அத்தியாயம் தலைகாட்டுவார். ஸ்டீபன் தொடங்கி மூன்றாம் ஹென்றி வரை ஐந்து ராஜாக்களைப் பார்த்தவர். ஆனால் எல்லார் கதையிலும் துணைப் பாத்திரம்தான். ஷேக்ஸ்பியர் இன்னும் மோசம். ‘கிங் ஜான்’ நாடகத்தில் பெம்ப்ரோக் பிரபுவை, அதாவது இதே மார்ஷலை, கலகக்காரர்களோடு சேர்த்து அனுப்பிவிட்டார். ஜானை விட்டு ஓடாத பிரபு யார் என்று கேட்டால் முதலில் சொல்லவேண்டிய பெயர் பெம்ப்ரோக்! அந்தக் கடனையாவது நாம் தீர்ப்போம். ரன்னிமீட் எங்கும் போய்விடாது.

1152-க்கு வாருங்கள். அத்தை மகன் ஸ்டீபனுக்கும் மாமன் மகள் மெட்டில்டாவுக்கும் நடந்த நாற்காலிச் சண்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். மெட்டில்டா பக்கம் ஜான் மார்ஷல் என்று ஒரு முரடர். அதற்குப் பதினோரு வருஷம் முன்பு வெர்வெல் மடாலயத்தில் அவரை உள்ளே வைத்து எதிரிகள் தீ மூட்டினார்கள். கூரையின் ஈயம் உருகிச் சொட்டி ஒரு கண் போயிற்று. அப்போதும் மனிதர் சரணடையவில்லை. எதிரிகள் செத்துவிட்டான் என்று திரும்பிப் போனபின் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

இப்போது நியூபரியில் அவருடைய கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டிருக்கிறான். ‘சரணடைய என் எஜமானியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவகாசம் கொடுங்கள்’ என்றார் ஒற்றைக்கண்ணர். நம்பிக்கைக்குப் பணயமாக ஒரு மகனை அனுப்பினார். ஐந்தாறு வயசுப் பையன் வில்லியம். பையன் அந்தப் பக்கம் போனதும் கோட்டைக்குள் ஆட்களையும் தானியத்தையும் நிரப்பிக் கதவைச் சாத்திவிட்டார். ‘உன் பிள்ளையைத் தூக்கில் போடுவேன்’ என்று ஸ்டீபன் சொல்லியனுப்பினான். இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்யச் சுத்தியலும் பட்டறைக்கல்லும் என்னிடம் இருக்கின்றன என்ற பொருளில் பதில் வந்தது.

பையனை மரத்தடிக்கு அழைத்துப் போகிறார்கள். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. வழியில் ஒரு பிரபுவின் கையில் இருந்த ஈட்டியைப் பார்த்து, ‘எனக்கு விளையாடக் கொடுங்களேன்’ என்கிறான். ஸ்டீபனால் தாங்க முடியவில்லை. தானே பையனை வாரித் தூக்கிக்கொண்டு பாசறைக்குத் திரும்பிவிட்டான். கூட இருந்தவர்கள் விடவில்லை. கல்லெறியும் பொறியில் வைத்துக் கோட்டைக்குள் வீசலாம் என்று யோசனை சொன்னார்கள். பையன் அந்தப் பொறியின் கவணைப் பார்த்து, நல்ல ஊஞ்சல், ஆடலாம் என்றானாம். அதுவும் நடக்கவில்லை.

அடுத்த காட்சிதான் எனக்குப் பிடித்தது. மன்னனின் கூடாரம். தரையெல்லாம் புல்லும் பல நிறப் பூக்களும் பரப்பியிருக்கிறது. பையன் அதிலிருந்து கதிர் போலத் தலை உள்ள தண்டுகளாகப் பார்த்துப் பொறுக்குகிறான். அதற்கு ‘நைட்’ என்று பெயர் வைத்தாயிற்று. ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, மாறி மாறி அடிக்க வேண்டும். யாருடைய தண்டின் தலை விழுகிறதோ அவர் தோற்றார். இங்கிலாந்தின் ராஜா, எதிரியின் கோட்டைக்கு வெளியே, எதிரியின் பிள்ளையோடு சம்மணமிட்டு உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறான்.

ஸ்டீபன் உருப்படாத ராஜா. நாட்டை 19 வருஷம் குட்டிச்சுவராக்கியவன். இந்தத் தொடரில் அவனை நிறையத் திட்டியிருக்கிறேன். அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் அந்தக் கூடாரத்துக்காக அவன்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

இதெல்லாம் எப்படித் தெரியும்? மார்ஷல் செத்தபின் அவருடைய மகன் காசு கொடுத்து எழுதவைத்த பிரெஞ்சுச் செய்யுள் வரலாறு ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாயிரம் வரிகளுக்கு மேல். ராஜாவோ மகானோ அல்லாத ஒரு மனிதருக்கு அந்தக் காலத்தில் இத்தனை பெரிய சரித்திரம் அபூர்வம். கையில் கிடைத்திருப்பது ஒரே ஒரு பிரதி. 1861-இல் லண்டன் ஏலத்தில் பால் மேயர் என்ற இளம் பிரெஞ்சு அறிஞர் அதைப் புரட்டிப் பார்த்துச் சில குறிப்புகள் எடுத்தார். ஏலத்தில் அது தாமஸ் பிலிப்ஸ் என்ற ஏட்டுப் பித்தரிடம் போய் அவருடைய மலைக்குவியலில் மறைந்தது. மேயர் இருபது வருஷம் தேடி, பிலிப்ஸ் செத்துப் பல வருஷம் கழித்து, 1881-இல்தான் அதை மறுபடி கண்ணால் பார்த்தார். குடும்பம் கூலி கொடுத்து எழுதிய நூல் என்பதால் அப்பழுக்கற்ற ஹீரோவாகத்தான் மார்ஷல் வருகிறார். உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் அந்தப் பூத்தண்டு விளையாட்டை ஒருவன் கற்பனை செய்திருக்க முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வளர்ந்தபின் வாரிசுச் சொத்து எதுவும் இல்லை. டூர்னமெண்ட்தான் பிழைப்பு. சினிமாவில் வருகிற மாதிரி வேலிக்கு இரு பக்கமும் இரண்டு குதிரை ஓடுவதல்ல. ஊருக்கும் ஊருக்கும் நடுவே மைல் கணக்கில் வயலை மிதித்துக்கொண்டு நடக்கும் கூட்டச் சண்டை. பிடிபட்டவன் குதிரையைக் கொடுத்து மீட்புப் பணமும் கட்ட வேண்டும். ஒரு கூட்டாளியோடு பங்குக்குச் சேர்ந்து பத்தே மாதத்தில் 103 நைட்டுகளைப் பிடித்ததாக அரண்மனைச் சமையல்கட்டின் கணக்கர் எழுதி வைத்திருந்தாராம். ஒருமுறை பரிசு கொடுக்க ஆளைத் தேடினால் காணோம். கொல்லன் பட்டறையில், பட்டறைக்கல்மேல் தலையை வைத்து முட்டி போட்டிருக்கிறார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழன்று வரவில்லை. கொல்லன் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறான். அப்பா சொன்ன பட்டறைக்கல் இதுதானோ!

1189-இல், கிழட்டு இரண்டாம் ஹென்றியைத் துரத்தி வந்த மகன் ரிச்சர்டை மறித்து, அவனுடைய குதிரையைக் குத்திக் கொன்றார். சில வாரங்களில் அதே ரிச்சர்ட் ராஜா. தலை போகும் என்று எல்லாரும் எதிர்பார்க்க, அவன் பெம்ப்ரோக் வாரிசு இசபெல்லைக் கட்டிக்கொடுத்தான். மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டியாயிற்று. பெண்ணுக்குப் பதினேழு இருக்கும். ரிச்சர்டிடம் ஆயிரம் குறை சொல்லலாம், அற்பத்தனம் மட்டும் கிடையாது.

தம்பி ஜான் அந்த ரகம் இல்லை. யார்மேலும் நம்பிக்கை இல்லாதவன். பிரபுக்களின் பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொள்வதையே ஆட்சிமுறையாக நடத்தினான். 1205-இல் மார்ஷலின் மூத்த மகன் போனான், அடுத்து இரண்டாமவன் ரிச்சர்ட். பணயமாகப் போன பையன் இப்போது பணயம் கொடுக்கும் அப்பா. மெட்டில்டா த ப்ரயோஸ் என்ற பிரபு மனைவியிடமும் ஆள் வந்தது. சொந்த அண்ணன் மகன் ஆர்தரைக் கொன்றவனிடம் என் பிள்ளைகளைத் தருவேனா என்று அவள் கேட்டுவிட்டாள். 1210-இல் அவளும் மூத்த மகனும் ஜானின் சிறையில் பட்டினி கிடந்து செத்தார்கள். 1212-இல் நாட்டிங்ஹாமில் வேல்ஸ் பணயப் பிள்ளைகள் 28 பேரைத் தூக்கிலிட்ட பிறகுதான் ஜான் சாப்பிட உட்கார்ந்தான் என்கிறார் ரோஜர் ஆஃப் வென்டோவர். அவர் ஜானுக்கு ஆகாத துறவி, எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். ஜான் நல்ல நிர்வாகி, அரசாங்க ஏடுகளை ஒழுங்காக எழுதவைத்தவன் என்று இப்போது சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். கணக்கு ஒழுங்காக இருந்தால் கொலை கழிந்துவிடுமா?

இத்தனைக்குப் பிறகும் மார்ஷல் அவனை விட்டுப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடாத இடம். விசுவாசம் என்கிறது மகன் எழுதவைத்த சரித்திரம். அயர்லாந்திலும் வேல்ஸிலும் இருந்த நிலங்கள் என்பேன் நான். அப்பா ஒரு பக்கம், மகன் மறு பக்கம் இருந்தால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் குடும்பச் சொத்து பத்திரம். ஒற்றைக்கண்ணரின் ரத்தம் அல்லவா!

ரன்னிமீட்டில் முத்திரை விழுந்தது. சரியாகப் பத்தாவது வாரம், ஆகஸ்ட் 24 அன்று, போப் மூன்றாம் இன்னசென்ட் சாசனத்தைச் செல்லாது என்று அறிவித்தார். உலகமே கொண்டாடுகிற காட்சி, இவ்வளவுதான்! பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசன் லூயியை அழைத்துவந்து லண்டனில் உட்காரவைத்தார்கள். 1216 அக்டோபரில் ஜான் நியூவர்க்கில் வயிற்றுப்போக்கில் செத்தான். வாரிசுக்கு ஒன்பது வயசு. கையில் லண்டன் இல்லை, முறையான கிரீடம்கூட இல்லை. க்ளஸ்டரில் ஒரு தங்க வளையத்தைத் தலையில் வைத்து முடிசூட்டினார்கள். பையனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்கக் கிழவர் மார்ஷல் முதலில் தயங்கினார். பிறகு, எல்லாரும் கைவிட்டாலும் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போவேன், பிச்சையெடுத்தாவது காப்பேன் என்றார்.

அடுத்து அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். அதே நவம்பரில், கலகக்காரர்களின் ஆயுதமான மேக்னா கார்ட்டாவை, கத்தரிக்க வேண்டியதைக் கத்தரித்து, ராஜாவின் பெயரிலேயே பிரிஸ்டலில் மறுபடி வெளியிட்டார். சண்டைக்கான காரணத்தையே எதிரியின் கையிலிருந்து பிடுங்கியாயிற்று. குழந்தை ராஜாவுக்கு முத்திரை இல்லாததால், போப்பின் தூதர் முத்திரைக்குப் பக்கத்தில் தன் சொந்த முத்திரையைப் பதித்தார்.

அடுத்த வாரம் லிங்கன் போர், 1217 மே 20. எழுபது வயசுக் கிழவர் தலைக்கவசத்தை மாட்ட மறந்து குதிரையைக் கிளப்பிவிட்டார், பின்னாலிருந்து ஒரு பணியாள் கத்துகிறான்.

(தொடரும்)