நாவும் நகைப்பும்

பிறர் பேசும் பேச்சைக் கேட்டுச் சிரிப்பது மனித இயல்புகளுள் மிகப் பழையது. யாழ்ப்பாணத்தார் மட்டக்களப்பாரின் பேச்சைக் கேட்டு நகைப்பதும், மட்டக்களப்பார் அதனைத் திருப்பிக் கொடுப்பதும் நம் நாட்டிலே அன்றாட வழக்கம். இந்தச் சிரிப்பு எப்பொழுது உறவை வளர்க்கிறது? எப்பொழுது உள்ளத்தைப் புண்படுத்துகிறது? 1970களில் தோன்றிய இரண்டு நகைச்சுவைத் தொடர்களின் வரலாறு இவ்வினாவுக்கு ஒருவாறு விடை தருகின்றது. ஒன்று இலண்டனிலே பிறந்தது. மற்றது கொழும்பிலே பிறந்தது.

‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் 1977ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் திகதி இங்கிலாந்திலே ஆரம்பமாயிற்று. அதனை எழுதியவர் வின்ஸ் பவல். பல நாடுகளிலிருந்து இலண்டனுக்கு வந்தவர்கள் மாலை வகுப்பொன்றிலே ஆங்கிலம் கற்பதும், கற்கையில் இடறி விழுவதுமே கதை. பாகிஸ்தானியரான அலியும் சீக்கியரான ரஞ்சித் சிங்கும் 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் பகையை அவ்வகுப்பறைக்குள்ளும் சுமந்து வந்து சச்சரவிடுவர். அலியாக நடித்த டினோ ஷபீக் டாக்காவிலே பிறந்தவர். ரஞ்சித் சிங்காக நடித்த அல்பேர்ட் மோசஸ் நமது கம்பளையிலே பிறந்தவர்!

அத்தொடரின் ஆயுள் குறுகியது. 29 பகுதிகள் ஒளிபரப்பானபின், 1979ஆம் ஆண்டின் இறுதியோடு அது நிறுத்தப்பட்டது. நிகழ்ச்சிப் பொறுப்பாளராயிருந்த மைக்கேல் கிரேட், பல இனத்தாரையும் அச்சில் வார்த்த பொம்மைகளாகக் காட்டுவது அவர்களைப் புண்படுத்தும் என்று கருதினார். 1986இல் மேலும் 13 பகுதிகள் வெளிவந்ததோடு அதன் கதை முடிந்தது.

ஆயினும், எவர் புண்படுவர் என்று அஞ்சினார்களோ, அவர்களுடைய நாடுகளிலேயே அத்தொடர் பெருவரவேற்பைப் பெற்றது. இலங்கையிலும் அதனைச் சுவைத்தோர் பலர். ஆங்கில வினைச்சொற்களின் காலங்களை மனனஞ்செய்து களைத்த எவருக்கும் அலியின் தடுமாற்றம் அந்நியமானதன்று. அவர்கள் அலியிலே தம்மையே கண்டு சிரித்தனர். எனினும் ஒன்றை மறத்தலாகாது. அவ்வகுப்பிலே மாணவர் அனைவரின் பேச்சும் நகைப்புக்குள்ளாயிற்று. ஆசிரியர் பிரவுணின் ஆங்கிலமோ எல்லாரையும் அளக்கும் கோலாக நிமிர்ந்து நின்றது.

இனி, கொழும்பிலே பிறந்த தொடரைக் காண்போம். 1970களில் இலங்கை வானொலியிலே ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ அது. எஸ். ராமதாஸ் முஸ்லிம்களின் தமிழ் பேசி மரிக்காராக வந்தார். டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழிலே அப்புக்குட்டியானார். எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழிலே உபாலியானார். பி. எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழ் பேசி ஐயரானார். இந்து ஒருவர் மரிக்காராகவும், முஸ்லிம் ஒருவர் ஐயராகவும் நாவை மாற்றிக்கொண்டமை நோக்கத்தக்கது. 1976இல் இத்தொடர் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. அங்கே ஆசிரியருமில்லை, அளவுகோலுமில்லை. ஒவ்வொரு பேச்சும் தன் முறை வந்தபோது சிரிப்புக்கிடமாயிற்று. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துச் சிரித்தனர்.

கல்முனைக் கரையோரத்தார்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். வடக்கேயிருந்து தெற்கே செல்பவர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒரே சரத்திலே கோத்த மணிகள்போல் அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் காண்பர். வாப்பா, உம்மா, ராத்தா என்னும் உறவுப்பெயர்கள் இக்கரையிலே வழங்குகின்றன. மூத்த சகோதரனை இங்குள்ள முஸ்லிம்கள் ‘காக்கா’ என்பர். “காக்கா வந்தார்” என்று ஒரு பிள்ளை சொன்னால், வெளியூரார் பறவையை நினைத்துச் சிரிப்பர். பிள்ளையும் சேர்ந்து சிரிக்குமாயின் அது விளையாட்டு. பிள்ளை நாணி வாய் மூடுமாயின் அது கொடுமை. கட்டுரையிலே எழுத்து நடையைக் கற்பித்தல் பள்ளிக்கூடத்தின் கடமை. வீட்டுப் பேச்சை இகழ்தல் அதன் கடமையன்று.

1980களின் நடுப்பகுதி தொடக்கம் இக்கரையோரத்திலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய கொடிய காலம் வந்தது. உயிர்கள் மாண்டன; அயலவர் அகதிகளாயினர். அக்காலத்திலே ஒருவன் வாய் திறந்ததும் அவன் எந்த ஊரவன் என்பதைக் காட்டிக்கொடுத்தது அவன் பேச்சே. முன்னர் சிரிப்பை விளைத்த அதே வேறுபாடு அச்சத்தை விளைத்தது. மரிக்காரும் அப்புக்குட்டியும் ஐயரும் உபாலியும் ஒரே வானொலிப் பெட்டிக்குள்ளே கூடி வாழ்ந்த வாழ்வு எத்துணை அரியது என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

போர் 2009இல் முடிந்தது. செல்வசேகரன் 2012இலும் ராமதாஸ் 2016இலும் மறைந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற பாடம் எளியது: பிறர் பேச்சைக் கேட்டுச் சிரிக்க விரும்புவோன், முதலில் அதனை அன்போடு பேசப் பழகட்டும், பின்னர் தன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் உரிமையை மற்றவனுக்கும் மனமுவந்து வழங்கட்டும்.