ஹெர்மிஸின் பேரன்கள்

எங்கட ஊர்களில் அப்பப்பாட பேரைப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் இண்டைக்கும் இருக்கு. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பெயரைத் தாங்குபவன், என்பதிலிருந்து வந்ததுதான். கடற்படைகளும் இதைத்தான் செய்கின்றன. கப்பல் மூழ்கினாலும் ஓய்வுபெற்றாலும் அதன் பெயர் சும்மா கிடக்காது. கொஞ்ச வருசத்தில் இன்னொரு கப்பலுக்குப் போகும். அப்படிக் கைமாறிய பெயர்களில் ஒன்று மட்டக்களப்புக் கடலுக்கு அடியிலும் கிடக்கிறது.

ஹெர்மிஸ், கிரேக்கக் கடவுள்களின் தூதுவன். பிரித்தானியக் கடற்படையில் அந்தப் பெயரோடு இருந்த ஒரு போர்க்கப்பல் 1913இல் கடல் விமானங்களைப் பரீட்சிப்பதற்காக மாற்றியமைக்கப்பட்டது. 1914 ஒக்ரோபர் 31இல் ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை டோவர் நீரிணையில் மூழ்கடித்தது. 1918 ஜனவரியில் அடுத்த ஹெர்மிஸின் வேலை தொடங்கியது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்து, உலகிலேயே முதலில் கட்டத் தொடங்கிய கப்பல் அதுதான்.

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயிருந்த ஹெர்மிஸ் திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு அருகில் அகப்பட்டது. அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் 'வம்பயர்' உம் மூழ்கியது.

பெயர்கள் மூழ்கவில்லை. 1944இல் 'எலிபன்ட்' என்ற பெயரில் கட்டத் தொடங்கிய ஒரு விமானந்தாங்கிக்கு 1945இல் ஹெர்மிஸ் என்று பெயரை மாற்றினார்கள். அது சேவைக்கு வந்தது 1959இல். அதே வருசம் அவுஸ்திரேலியாவும் புதிய வம்பயரைச் சேவைக்கு எடுத்தது. அது இப்போது சிட்னியில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஏன் பழைய பெயரையே தேடுகிறார்கள்? பிரித்தானியக் கடற்படையில் 'போர்க் கௌரவம்' என்று ஒன்று இருக்கு. ஒரு கப்பல் சண்டையில் சம்பாதித்த கௌரவம், அதே பெயரில் பிறகு வரும் கப்பல்களுக்கும் சேரும். புதுக் கப்பலில் ஏறுகிற இளம் மாலுமிக்கு முதல் நாளிலேயே ஒரு பரம்பரை கிடைக்கிறது. ஆனால் தோல்விக்குப் பொதுவாக அந்தக் கௌரவம் கிடையாது. அப்படியென்றால் பெயர் சுமந்து போவது பெரும்பாலும் வெற்றிகளைத்தான். மட்டக்களப்பில் நடந்ததோ தோல்வி.

மூன்றாவது ஹெர்மிஸ் 1982 போக்லாந்து யுத்தத்தில் தலைமைக் கப்பலாக இருந்தது. 1986இல் இந்தியாவுக்கு விற்கப்பட்டு, அடுத்த வருசம் 'விராட்' ஆனது. விராட் என்றால் பிரமாண்டம். யானையின் பெயரோடு தொடங்கிய கப்பல் கடைசியில் அதே மாதிரி ஒரு பெயருக்குத்தான் வந்து சேர்ந்தது. இந்தியாவின் கையில் அதன் முதல் பெரிய நடவடிக்கை 1989 யூலையில், இந்திய அமைதிப்படை இங்கு இருந்த காலத்தில், இலங்கை தொடர்பாகவே நடந்தது. பெயரை மாற்றிக்கொண்ட பேரன், பாட்டன் கிடக்கிற தீவின் பக்கம் வந்தமாதிரி. ஆனால் இந்த முறை வந்தது எங்கட யுத்தத்துக்காக.

2017இல் விராட் ஓய்வுபெற்றது. 2020இல் குஜராத்தின் அலங் கரையில் ஏற்றி, உடைக்கத் தொடங்கினார்கள். மிஞ்சியிருப்பது பாட்டன்தான், மட்டக்களப்பில் ஐம்பது மீற்றருக்கும் கீழே, பவளமும் மீனும் சூழ.

ஒரு பெயரைத் திரும்ப வைப்பது நினைவுகூரல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரோடு எது வரவேண்டும், எது வரக்கூடாது என்பதை வைக்கிறவர்தான் தீர்மானிக்கிறார். இது கப்பல்களுக்கு மட்டும் பொருந்துகிற விசயமில்லை. யுத்தம் முடிந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு அது நல்லாவே விளங்கும். வென்றவர்களின் பெயர்களுக்கு வீதிகளும் கட்டடங்களும் கிடைக்கும். மற்றவர்களின் பெயர்களை வீட்டிலதான் யாராவது பிள்ளைக்கு வைக்கவேண்டி இருக்கு.