நல்லூர் நூதனசாலையும் கந்தரோடை ஓடுகளும்

யாழ்ப்பாணத்து நாவலர் வீதியிலே, நாவலர் கலாசார மண்டபத்தின் பின்புறமாகச் சிறியதொரு தொல்பொருள் நூதனசாலை உண்டு. கொழும்பு நூதனசாலையின் பெருமிதத்தை எதிர்பார்த்து அங்கே செல்வோர் ஏமாறுவர்.

உட்புகுவோரின் கண்களை முதலிற் கவர்பவை, கோட்டையிலிருந்து கொணரப்பெற்ற துருவேறிய பீரங்கிகளும் சிதைவுற்ற விக்டோரியா மகாராணியின் ஓவியமுமே. ஒல்லாந்தர் 1658இற் கோட்டையைக் கைப்பற்றியதும், 1795இல் ஆங்கிலேயர் அதனைத் தமதாக்கியதும் பாடசாலைச் சிறுவரும் அறிந்த செய்திகள். ஆயின், அவற்றோடு நின்றுவிடுபவர் அச்சாலையின் மெய்யான செல்வத்தைக் காணாதே திரும்புவர். அது கந்தரோடையிற் கிடைத்த மட்கலங்களும் ஓடுகளுமாகும்.

யாழ்ப்பாணத்தின் பழைமையை அறிய முற்பட்டோர்க்கு நெடுங்காலமாக ஏடுகளே துணை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, கதிரமலையிலிருந்து ஆண்ட உக்கிரசிங்கனைப் பற்றிக் கூறுகின்றது. அக்கதிரமலையே கந்தரோடை என்பர் ஆராய்ச்சியாளர் பலர். எனினும், கதை எது, வரலாறு எது எனப் பிரித்தறிய ஏடு மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் பீரிஸ், கந்தரோடை மண்ணை அகழ்ந்து தாம் கண்டவற்றை 1917, 1919ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். சிறு பௌத்த தூபிகள், உரோம நாணயங்கள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக்கோல்கள் என அவை பலவாகும். மன்னரையே பேசிவந்த வரலாற்றில் மை தீட்டிக்கொண்டவர்க்கும் இடம் கிடைத்தது அப்பொழுதுதான்! பின்னர் 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, கறுப்பு-சிவப்பு மட்கலங்களோடு, சிறு சில்லினால் வரிக்கோலமிடப்பெற்ற ஓடுகளும் வெளிப்பட்டன. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டிலும் இவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன. கிறித்துவுக்கு முன்னரே எழுந்து, பின்னர் கடல் வாணிகத்திலும் பங்குகொண்ட ஊரொன்று இக்குடாநாட்டின் நடுவே இருந்தமை இவ்வாறு புலனாயிற்று.

1981ஆம் ஆண்டு யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. சூளையில் வெந்த ஓட்டுக்கு நெருப்பால் அத்தகைய அச்சமில்லை. அதற்குள்ள ஆபத்து வேறு. எவ்விடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்னும் குறிப்புத் தொலைந்துவிடின், ஈராயிரம் ஆண்டுப் பழைமையுள்ள ஓடும் நேற்றுடைந்த சட்டியின் துண்டாகவே எண்ணப்படும். சிறு நூதனசாலையொன்றின் பெரும்பணி, பொருளைக் காப்பதிலும் அக்குறிப்பைக் காப்பதுதான்.

கந்தரோடைக்கு நல்லூரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். அங்கே தூபிகள் வேலியடைத்துக் காக்கப்படுகின்றன. பழைய குடியிருப்போ இன்றைய வீட்டு வளவுகளுக்கும் தோட்டங்களுக்கும் கீழே, பெரும்பகுதி அகழப்படாமலே கிடக்கின்றது.