பிரஷ் என்ற பெயரில் ஒரு கரித்துண்டு



வீட்டில் மிக்சி திடீரென்று நின்றுவிட்டால் ரிப்பேர் கடைக்காரர் பல நேரம் சொல்வது ஒரே வரிதான். "கார்பன் தேஞ்சு போச்சு, மாத்திடலாம்." அவர் கையில் எடுத்துக் காட்டுவது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி. அதன் முழுப்பெயர் கார்பன் பிரஷ். ஒரு முடிகூட இல்லாத இந்தக் கட்டிக்கு 'பிரஷ்' என்று யார் பெயர் வைத்தார்கள்? அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதையே இருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்.

பாதரசத்தில் ஆரம்பம்

மோட்டாரில் ஆரம்பத்திலிருந்தே ஒரு சிக்கல் உண்டு. சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளுக்குள் மின்சாரத்தை எப்படி அனுப்புவது? ஒயரை நேராக இணைத்தால் இரண்டு சுற்றிலேயே முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

1821ல் மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சுற்றவைத்தபோது, கம்பியின் நுனியைப் பாதரசத்தில் மூழ்கவிட்டார். 1822ல் பீட்டர் பார்லோ செய்த சக்கரமும் பாதரசத்தைத் தொட்டபடிதான் சுழன்றது. 1831ல் ஃபாரடே செப்பு வட்டைச் சுழற்றி மின்சாரம் எடுத்தபோது, உலோகத் துண்டுகளை அதன் விளிம்பில் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அசையாத ஒன்றை அசையும் ஒன்றின்மேல் அழுத்திப் பிடிப்பது... பிரஷ் செய்யும் வேலை இன்றைக்கும் இவ்வளவுதான்!

செப்புக் கம்பிக் கட்டு

1832ல் பிரான்சில் பிக்ஸியும் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜனும் கம்யூட்டேட்டரைப் பயன்படுத்தினார்கள். அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்சாரத்தின் திசையை மாற்றிவிடும் உருளை அது. 1870களில் கிராம் என்பவரின் டைனமோக்கள் விற்பனைக்கு வந்தபோது, அந்த உருளையைத் தொட்டுக்கொண்டிருந்தவை மெல்லிய செப்புக் கம்பிகளின் கட்டுகள். பார்க்க அசல் பிரஷ் மாதிரியே இருக்கும். பெயர் வந்தது அங்கிருந்துதான்.

ஆனால் இந்தக் கம்பிக் கட்டு படுத்திய பாடு கொஞ்சமல்ல. தீப்பொறி பறக்கும், கம்யூட்டேட்டர் அரித்துப்போகும். லோடு கூடினாலும் குறைந்தாலும் ஓர் ஆள் பக்கத்தில் நின்று, பொறி குறையும் இடத்துக்கு பிரஷ்களை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மேலும், கம்பிகள் சுழலும் திசைக்குச் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். மோட்டாரைத் திருப்பிச் சுழற்றினால் கம்பி நுனிகள் குத்தி மாட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் போக வேண்டிய டிராம் வண்டிக்கு இது எப்படி ஒத்துவரும்?

ஃபோர்ப்ஸின் கரி

1885ல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, செம்புக்குப் பதிலாகக் கார்பனை வைக்கலாம் என்று பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். கேட்டவர்களுக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும். செம்பைவிடக் கார்பன் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் அந்தக் குறையே இங்கே நிறை! கம்யூட்டேட்டரின் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு மாறும் கணத்தில் பிரஷ் இரண்டையும் சேர்த்துத் தொடுகிறது. அப்போது உள்ளே சுற்றிப் பாயும் வேண்டாத மின்சாரத்தைக் கார்பனின் தடை அடக்கிவிடுகிறது. பொறியும் குறைகிறது. தவிர, கார்பன் தானே வழுக்கும், எண்ணெய் வேண்டாம். நேராக நிறுத்தி வைக்கலாம் என்பதால் எந்தத் திசையிலும் சுற்றலாம்.

1888ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் பெரிய அளவில் மின்சார டிராம் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டில், பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வான் டெப்போல் டிராம் மோட்டார்களில் கார்பன் பிரஷ்ஷைப் பொருத்தினார். அதன்பிறகு செப்புக் கம்பிக் கட்டு மெல்ல மறைந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஃபோர்ப்ஸ் என்ன ஆனார்? அமெரிக்க உரிமையை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்கு 2,000 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார். நயாகரா நீர்மின் திட்டத்துக்கே ஆலோசகராக இருந்தவர், முதுமையில் வறுமைப்பட்டு, நண்பர்களின் உதவியில் வாழ்ந்து 1936ல் இறந்தார். உலகமெங்கும் மோட்டார்கள் அவருடைய யோசனையில் சுழன்றுகொண்டிருந்தன!

பிடித்து வைப்பது எப்படி?

கார்பன் தேயத் தேய அதைப் பின்னாலிருந்து தள்ள ஒரு ஸ்பிரிங் வேண்டும். மோட்டாரைக் கழற்றி மாட்டுபவர்களுக்குத் தலைவலி ஆரம்பிப்பது இங்கேதான். ஆர்மேச்சரை வெளியே எடுத்ததும் ஸ்பிரிங் பிரஷ்ஷை உள்ளே தள்ளிவிடும். திரும்ப மாட்டும்போது கம்யூட்டேட்டர் நுழைய வழி இருக்காது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால் கார்பன் உடைந்துவிடும்.

இதற்கு மெக்கானிக்குகளிடம் எளிய வழிகள் உண்டு. பிரஷ்ஷைப் பின்னுக்கு இழுத்து, ஸ்பிரிங்கை அதன் முதுகில் வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அப்படியே நிற்கும். ஆர்மேச்சர் உட்கார்ந்தபின் ஸ்பிரிங்கைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டால் போதும். கார் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இதற்காகவே பின்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். பிரஷ்களை அமுக்கி, துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செருகிவிட்டு, எல்லாம் மாட்டியபின் உருவ வேண்டும். கை டிரில்லிங் மெஷின் பலவற்றில் இந்தத் தொல்லையே இல்லை. ஆர்மேச்சரை மாட்டிய பிறகு வெளியிலிருந்து பிரஷ்ஷைப் போட்டு மூடியைத் திருகிவிடலாம்.

1962ல் வில்சன், டிரிக்கி என்ற இருவர் கம்யூட்டேட்டரின் வேலையை எலக்ட்ரானிக் சர்க்யூட்டிடம் ஒப்படைக்கும் மோட்டாரை விவரித்தார்கள். இன்றைய பிரஷ் இல்லாத மோட்டார்களுக்கு அது ஒரு தொடக்கம். இப்போது மின்சார ஸ்கூட்டர்களிலும் புதுவகை சீலிங் ஃபேன்களிலும் ஓடுபவை அவைதான்.

ஆனாலும் மிக்சியிலும் டிரில்லிலும் கார்பன் பிரஷ் இன்னும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. விலை உயர்ந்த கம்யூட்டேட்டர் கெடாமல் இருக்க, மலிவான கரித்துண்டு தன்னைத் தேய்த்துக்கொள்கிறது. அடுத்த முறை கடைக்காரர் "கார்பன் மாத்தணும்" என்று சொன்னால், பழையதைத் தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம் பாருங்கள் நண்பர்களே!