தன்னியக்கச் செயலிழப்பு அறிக்கை

தன்னியக்கச் செயலிழப்பு அறிக்கை என்பது, கணினியில் இயங்கும் நிரல் ஒன்று எதிர்பாராமல் நின்றுவிடும்போது, அக்கணத்தில் அதன் நிலை பற்றிய விவரங்களை ஒரு கருவி தானே திரட்டி, மென்பொருளை உருவாக்குவோருக்கு அனுப்பும் அறிக்கை ஆகும். ஆங்கிலத்தில் இது கிராஷ் ரிப்போர்ட் எனப்படுகிறது. விமானத்தின் கருப்புப் பெட்டிக்கு இதனை ஒப்பிடலாம். திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் நிரலாளர் பலர் தன்னார்வலர் ஆவர். பயனரின் கணினியை நேரில் காணும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. எனவே இவ்வறிக்கைகள் அத்திட்டங்களுக்கு இன்றியமையாதவை.

தேவை

பயனர் தாமே எழுதும் முறையீட்டில் பெரும்பாலும் "நிரல் மூடிக்கொண்டது" என்பதற்கு மேல் செய்தி இருப்பதில்லை. மேலும், வழுக்களைப் பதியும் தளங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இயங்குகின்றன. தமிழில் மட்டும் எழுதவல்ல பயனர் இதனால் முறையிடாமலே விட்டுவிடக்கூடும். தன்னியக்க அறிக்கையில் பயனர் எதையும் எழுத வேண்டியதில்லை. அவர் எம்மொழியினராயினும் அறிக்கையின் வடிவம் ஒன்றே.

உள்ளடக்கம்

ஓர் அறிக்கையில் பொதுவாகப் பின்வருவன அடங்கும்:

• நிரலின் பெயர், பதிப்பு எண், இயங்குதளம்
• நிரல் நின்றதற்கான காரணக் குறிப்பு (எ.கா. தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியை அணுகியமை)
• அழைப்புத் தடம், அதாவது நின்ற கணம் வரை ஒன்றையொன்று அழைத்த செயற்கூறுகளின் வரிசை
• நினைவகத்தின் முழுப்படி அல்லது சுருக்கப்படி

வரலாறு

குனோம் 2 பணிச்சூழலில் பக்படி என்னும் கருவியும், கேடியீ பணிச்சூழலில் டாக்டர் கொன்கி என்னும் கருவியும் இப்பணியைச் செய்தன. உபுண்டு 2006ஆம் ஆண்டு வெளியான 6.10 பதிப்பில் அப்போர்ட் கருவியைச் சேர்த்தது. மொசில்லா, தான் முன்பு பயன்படுத்திய டாக்பேக் என்னும் மூடிய மென்பொருளைக் கைவிட்டு, 2008இல் வெளியான பயர்பாக்சு 3 முதல் பிரேக்பேட் என்னும் திறந்த மூலக் கருவிக்கு மாறியது. பெடோரா 12 (2009) ஏ.பி.ஆர்.டி. கருவியுடன் வெளிவந்தது. லிப்ரெஓபிசு 5.2 பதிப்பிலிருந்து (2016) இவ்வசதியைக் கொண்டுள்ளது.

கையாளும் முறை

1. பெயர்மீட்பு: பயனரிடம் உள்ள நிரலில் செயற்கூறுகளின் பெயர்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருப்பதால் தடம் வெறும் எண்களாகவே வரும். நிரல் தொகுக்கப்பட்டபோது தனியே சேமிக்கப்பட்ட குறியீட்டுக் கோப்புகளைக் கொண்டு வழங்கி அவ்வெண்களைப் பெயர்களாக மாற்றுகிறது. உரிய பதிப்பின் கோப்பு கிடைக்காவிடில் அறிக்கையால் பயன் குறைவு.

2. தொகுத்தல்: ஒரே வழு பல்லாயிரம் கணினிகளில் தோன்றலாம். தடத்தின் மேற்பகுதியில் உள்ள செயற்கூறுகளின் பெயர்களிலிருந்து ஓர் அடையாளம் உருவாக்கப்பட்டு, அதே அடையாளம் உடையவை ஒரே குழுவில் சேர்க்கப்படுகின்றன. இது இல்லையேல் தன்னார்வலர்கள் ஒரே வழுவை மீண்டும் மீண்டும் படித்துச் சோர்வர்.

3. தரம்பிரித்தல்: பயனற்ற அறிக்கைகள் விலக்கப்படுகின்றன. டாக்டர் கொன்கி, தடத்தின் பயனை விண்மீன் குறிகளால் மதிப்பிட்டு, போதிய விவரம் இல்லாதபோது பயனருக்குத் தெரிவிக்கிறது.

4. ஒப்படைத்தல்: வழு எந்த நிரலகத்தில் உள்ளதோ அதன் பொறுப்பாளருக்கு அனுப்பப்படுகிறது. நின்றது ஒரு நிரலாயினும், வழு அது சார்ந்துள்ள வேறொரு நிரலகத்தில் இருக்கலாம்.

தனிமறைவு

நினைவகப் படியில் கடவுச்சொல், மடல், திறந்திருந்த ஆவணம் ஆகியவற்றின் பகுதிகள் இருக்கக்கூடும். எனவே அனுப்புமுன் பயனரின் இசைவு பெறப்படுவது வழக்கம். லாஞ்ச்பேட் தளத்தில் அப்போர்ட் பதியும் செயலிழப்பு வழுக்கள் தொடக்கத்தில் பொதுமக்கள் பார்வைக்கு மறைக்கப்படுகின்றன. மொசில்லா தன் புள்ளிவிவரத் தளத்தைப் பொதுவில் வைத்திருப்பினும், நினைவகப் படிகளையும் பயனர் பார்த்த வலை முகவரிகளையும் உரிய அனுமதி பெற்றவர்களுக்கே காட்டுகிறது.

எண்ணிக்கையின் வரம்பு

மைக்ரோசாப்டின் சிடீவ் பால்மர் 2002இல் எழுதிய மடலில், ஏறத்தாழ 20 விழுக்காடு வழுக்களே 80 விழுக்காடு பிழைகளுக்குக் காரணம் எனக் குறிப்பிட்டார். மிகுதியாக வரும் அறிக்கைகளை முதலில் கவனிக்கும் வழக்கத்துக்கு இது அடிப்படை. ஆயினும் இம்முறை சிறு பயனர் குழுக்களைப் பின்தள்ளக்கூடும். 2018 பிப்ரவரியில், ஒரு தெலுங்கு எழுத்துத் தொடரைக் காட்ட முயன்ற ஐபோன் செயலிகள் நின்றுபோயின. அது மூடிய மென்பொருள். எனினும் எழுத்துருவாக்க வழு ஒரு மொழியினரை மட்டும் முழுமையாகத் தாக்கக்கூடும் என்பதற்குச் சான்று. இத்தகைய வழு உலகளாவிய பட்டியலில் கீழே இருக்கலாம். அம்மொழியினருக்கோ மென்பொருளே பயன்படாது போகும்.

தமிழ்நாட்டில்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சு 2007இல் வெளியானது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகளில் விண்டோசுடன் இதுவும் நிறுவப்பட்டிருந்தது. டெபியன் திட்டம் அறிக்கைகளைத் தானாகப் பெறும் மையத் தளம் எதையும் நடத்துவதில்லை. பயனர் ரிப்போர்ட்பக் கருவி வழியே மின்னஞ்சலில் முறையிட வேண்டும். குறியீட்டுக் கோப்புகளை வேண்டும்போது வழங்கும் சேவையை அது 2021இல் தொடங்கியது.

அறிக்கை அனுப்ப இணையமும் வேண்டும். இராயபுரத்திலோ எண்ணூரிலோ இணைய இணைப்பு இல்லாத ஒரு கணினியில் நிரல் நாள்தோறும் நின்றாலும் அது எந்தப் பட்டியலிலும் இடம்பெறாது. ஆகவே அறிக்கை வராமை, மென்பொருள் பழுதின்றி இயங்குவதற்குச் சான்றாகாது. இத்தகைய இடங்களில் கணினியிலேயே சேமிக்கப்பட்ட அறிக்கையைப் பின்னர் இணைப்புள்ள கணினி வழியே அனுப்புவதும், ஆசிரியரோ பயனர் குழுவோ முறையீட்டை மொழிபெயர்த்துப் பதிவதும் மாற்று வழிகளாகும்.

இவற்றையும் பார்க்க

• கட்டற்ற மென்பொருள்
• வழுநீக்கல்
• டெபியன்
• பாஸ் லினக்சு