தோள் சுமந்த சோறு

தமிழ் முஸ்லிம்களின் கடல் கடந்த வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மரக்கலங்களில் தொடங்கிப் பள்ளிவாசல் மினாராக்களில் முடிப்பது வழக்கம். பினாங்குத் தீவைப் பற்றிப் பேசுங்கால், 1801-ஆம் ஆண்டில் காதிர் முஹ்யித்தீன் என்னும் வணிகப் பெருமகனார் முன்னின்று தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் எழுந்த தர்காவையும் சொல்லியாக வேண்டும். இவை நம் முன்னோர் ஈட்டிய செல்வத்துக்கும், அதனை அவர்கள் செலவிட்ட நல்வழிக்கும் சான்றுகள். ஆனால், அதே தெருக்களில் ஒரு காவுதடியையும் இரண்டு கூடைகளையும் மட்டுமே முதலாகக் கொண்டு வாழ்ந்த இன்னொரு கூட்டத்தாரும் இருந்தனர். அவர்களுக்கு எவரும் கல்வெட்டுப் பொறிக்கவில்லை. அவர்களுடைய கல்வெட்டு ஒரு சோற்றின் பெயரில் இருக்கிறது. அதனையே இங்குப் படிக்க முயல்கிறோம்.

பினாங்கில் அந்தச் சோற்றை 'நாசி கண்டார்' என்பர். மலாய் மொழியில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் தடி வைத்துச் சுமத்தல். தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் ஆணச் சட்டிகள். இவற்றைச் சுமந்து துறைமுகத்துக்கும் சந்தைக்கும் நடந்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இக்காலத்தில் சிறு லாரியின் பக்கப் பலகையைத் திறந்து வைத்து உணவு விற்கும் வண்டிகளைச் சென்னையிலும் கோலாலம்பூரிலும் காண்கிறோம். இளைஞர்கள் அவற்றைப் புதுமை என்று கொண்டாடுகின்றனர். பசித்தவன் இருக்கும் இடத்துக்கே சோற்றைக் கொண்டு செல்லும் தொழிலை நம்மவர் சக்கரமும் இல்லாமல் நடத்திக் காட்டியிருக்கின்றனர்.

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பினாங்கில் கொடியேற்றினார். சுங்கவரி இல்லாத துறைமுகமாக அது விளங்கியதால் பல நாட்டு வணிகரும் அங்கே குழுமினர். பின்னாளில் ஈயமும் ரப்பரும் பெருகியபோது, மூட்டை தூக்குவோரும் படகோட்டுவோரும் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். தமிழகத்தின் இராமநாதபுரக் கரையோர ஊர்களிலிருந்தும், கடையநல்லூர், தென்காசி வட்டாரங்களிலிருந்தும் நம்மவர் பலர் சபுர் புறப்பட்டனர். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் உறவினரைச் சொல்வதுபோல் சொல்வார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்களை அது பினாங்கில் இறக்கிவிட்டது.

இறங்கியவருக்கெல்லாம் வணிகம் கைகூடவில்லை. கையில் காசில்லாதவர் என்ன செய்வார்? விடியுமுன் உலை வைத்தார். பொழுது புலர்கையில் தடியைத் தோளில் ஏற்றினார். துறைமுகத்தில் இரவெல்லாம் உழைத்தவரும், காலைப் பணிக்குச் செல்பவரும் அவரைச் சூழ்ந்து நின்றனர். சுடுசோறும் மீன் ஆணமும் அவர்களுக்கு அன்றைய பலம். விற்றுத் தீர்ந்தபின் காலிச் சட்டிகளோடு திரும்பி, மறுநாளைக்கு மசாலை கூட்டினார். தம் கையுழைப்பால் உண்பதன் மேன்மையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைக்கும்போது, அரசராகவும் நபியாகவும் விளங்கிய தாவூத் (அலை) அவர்களையே சான்று காட்டினார்கள் அல்லவா? அந்த மேன்மைக்கு இந்தத் தோள்களும் உரியவை.

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நம் ஊர்களில் அடுப்படி பெண்களுடையது. கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் பண்டாரிகள் சமைப்பதுண்டே தவிர, அன்றாடச் சோற்றை ஆண்மகன் ஆக்குவது அரிது. கடையநல்லூரார் சிலர் குடும்பத்தோடு சென்று குடியேறினர் என்றாலும், சபுர் சென்றவர்களில் மிகப் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே சென்றவர்கள். வீட்டில் ஒரு நாளும் அகப்பை பிடித்திராத ஒருவர் அந்நிய மண்ணில் சட்டியின் முன் அமர்ந்து, தம் தாயார் புளியாணத்துக்கு எதை முன்னே போட்டார், எதைப் பின்னே போட்டார் என்று எண்ணிப் பார்த்திருப்பார். மொழி தெரியாத ஊரில் ஒரு கூலியாளின் மனத்துக்கு ஆறுதல் தந்த அந்தச் சோறு, அதை ஆக்கியவரின் பிரிவுத் துயரத்திலிருந்து பிறந்தது. அவர் அனுப்பிய பணத்தில் இங்கே ஒரு குடும்பம் உண்டது. ஆனால் அவர் ஆக்கிய சோற்றின் சுவையை அவர் மனைவி அறிந்ததில்லை.

அந்தச் சுவை நம் ஊர்ச் சுவையாகவே நின்றுவிடவுமில்லை. நாம் பினாங்கில் ஒரு காலைப் பொழுதில் அதனை உண்டு பார்த்தோம். மீன் முட்டை, வெண்டைக்காய், கோழி, மாட்டிறைச்சி என வரிசையாகச் சட்டிகள் இருந்தன. பரிமாறியவர் ஒன்றிலிருந்து ஓர் அகப்பை, மற்றொன்றிலிருந்து ஓர் அகப்பை என்று சோற்றின் தலையில் ஊற்றிக்கொண்டே போனார். ஆணம் தாராளமாக வேண்டுவோர் 'பாஞ்சிர்' என்று கேட்கின்றனர். வெள்ளம் என்பது அதன் பொருள். தனித்தனியே ஊற்றி உண்ணும் நமக்கு முதற் கவளம் திகைப்பாகவே இருந்தது. இரண்டாம் கவளத்தில் புளியும் கறிவேப்பிலையும் நம்மை அடையாளம் கண்டுகொண்டன. மூன்றாவதில் சீனரின் சோயா ரசமிட்டு வதக்கிய இறைச்சியின் இனிப்புக் கலந்தது. இலையில் நம் ஊரும் இருந்தது. நம்மவர் போய்ச் சேர்ந்த ஊரும் இருந்தது.

காவுதடி எப்போது கீழே இறங்கியது? ஒரே நாளில் அன்று. முஹம்மது தம்பி இராவுத்தர் என்பார் 1907-ஆம் ஆண்டில் கேம்பல் தெருவில் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் அங்கே நடைபெறுகிறது. வேறு பலர் சீனர்களின் காப்பிக் கடைகளில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்துச் சட்டிகளை இறக்கினர். காப்பி சீனருடையது, சோறு முஸ்லிமுடையது, உண்பவர் எல்லா இனத்தாரும் என்னும் ஏற்பாடு அங்கே இயல்பாகவே அமைந்தது. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசின. தெருக்களில் நின்றிருந்தோர் பலர் மாண்டனர். தொடர்ந்த ஆண்டுகளில் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சோறு விற்றவருக்கே சோறில்லாத அந்நாட்களையும் தாண்டி இத்தொழில் பிழைத்தது. 1969-இல் சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் நிலையும் பினாங்கை விட்டு நீங்கியது. எவருக்காகத் தடி தூக்கினார்களோ, அந்தத் துறைமுகக் கூட்டம் கலைந்தது. எனினும் பெயர் மட்டும் மாறவில்லை. குளிரூட்டிய கூடத்தில் பளிங்கு மேசையில் உண்டாலும், அதற்குத் தோளில் சுமந்த சோறு என்றே இன்றும் பெயர்.

மலேசியாவில் நம்மவர் கடைகளுக்கு 'மாமாக்' கடை என்று பெயர். 'மாமா' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது அது. உறவு முறையாகப் பிறந்த அச்சொல் சிலர் வாயில் ஏளனமாக ஒலித்ததும் உண்டு. ஏளனத்தைக் கேட்டவர்கள் பதிலுரைக்காமல் இன்னோர் அகப்பை ஆணத்தை ஊற்றினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் இன்று மருத்துவரும் வழக்குரைஞரும் உளர். பாட்டனார் தலைச்சுமையும் தோட்சுமையுமாகத் தெருவில் திரிந்தார் என்பதைச் சொல்ல அவர்களுள் சிலர் கூசுவதைக் கண்டிருக்கிறோம். அந்தக் கூச்சமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கப்பலோட்டிய மரைக்காயரின் பேரன் என்று சொல்வதில் பெருமை உண்டென்றால், காவுதடி சுமந்தவரின் பேரன் என்பதில் அதனினும் குறைந்த பெருமையா உண்டு? முன்னவருக்குக் காற்று துணை செய்தது. பின்னவருக்குத் தம் தோளைத் தவிரத் துணையில்லை.

நம் ஊர்களில் இன்னும் சில வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டிகள் உள்ளன. அவற்றின் அடியில் கடவுச்சீட்டுகளும், பினாங்கு முத்திரையிட்ட கடிதங்களும், பணம் அனுப்பிய சீட்டுகளும் இருக்கக் கூடும். வீட்டைப் புதுப்பிக்கும்போது குப்பையோடு எரியூட்டி விடாதீர்கள். எண்பதைக் கடந்த பாட்டியார் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரருகே அமர்ந்து, அவருடைய அத்தாவோ வாப்பாவோ அக்கரையில் என்ன தொழில் செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பள்ளிவாசல் கட்டியவரின் பெயரைப் பள்ளிவாசல் சொல்லும். சோறு சுமந்தவரின் பெயரை அவர் வீட்டார் சொன்னால்தான் உண்டு.