சும்மா கிடக்காத கொழுப்பு

திருச்சி ரோட்டுல போறவங்களுக்கு கூட்டேரிப்பட்டுங்கறது திண்டிவனம் தாண்டினதும் வர்ற ஒரு கூட்ரோடு, அவ்வளவுதான். கண் அசந்தா போயிடும். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அப்படி இல்லை. கிழக்கே திரும்பினா மயிலம், அப்படியே பாண்டி. வடக்கே போனா சென்னை. மஞ்சப்பையும் ஸ்கேன் கவருமா ரோட்டோரம் நிக்கிறவங்களைப் பார்த்தா, ஒண்ணு ஜிப்மர், இல்லேன்னா அடையாறுன்னு சொல்லிடலாம்.

எங்க அத்தையும் அப்படி நின்னவங்கதான். மார்பகப் புற்றுநோய். சிகிச்சை முடிஞ்சு இப்ப நல்லா இருக்காங்க. ஆனா யாரோ ஒரு புண்ணியவதி, "உடம்பு பெருத்தவங்களுக்குத்தான் இது வரும்"னு சொல்லிட்டுப் போக, "நான் எங்கப்பா பெருத்துக் கெடக்கிறேன், எனக்கு ஏன் வந்துச்சு?"ன்னு என்னைக் கேட்டாங்க. நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். இருந்தாலும் கேள்வி விடலை. தேடிப் படிச்சதுல கிடைச்ச வரலாறுதான் இந்தப் பதிவு.

முதல்ல அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வலியில் பல வருஷம் போராடி 1954-ல் ஆரம்பிச்சதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அங்கிருந்துதான் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டையும் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்தி வர்றாங்க. ஊரில் யாருக்கு எந்தப் புற்று வந்ததுன்னு பொறுமையா எழுதிவைக்கிற வேலை. நம்ம ஆளுங்களுக்கு ஆவணப்படுத்தவே வராதுன்னு சொல்றவங்க இதைப் பார்க்கணும். ஆரம்பத்தில் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான் முதலிடம். 2000களில் மார்பகப் புற்று அதை முந்திடுச்சு. காரணம் ஒண்ணு ரெண்டு இல்லை. தாமதமான முதல் பிரசவம், குறைஞ்சுபோன குழந்தைகள் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்ததுதான். அந்த வரிசையில் உடம்புக் கொழுப்பும் உண்டு.

கொழுப்புன்னா என்ன? ரொம்ப காலம் டாக்டர்களுக்கும் அது ஒரு குடோன்தான். மிச்சத்தைப் போட்டுவைக்கிற இடம். 1896-ல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் சினைப்பையை எடுத்தா சிலருக்கு மார்பகப் புற்று சுருங்குதுன்னு காட்டினார். ஈஸ்ட்ரோஜன்னு ஒண்ணு இருப்பதே தெரியாத காலம் அது! மாதவிலக்கு நின்ன பிறகு அந்த ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிற முக்கியமான இடமே கொழுப்புதான்னு பின்னாடி தெரிஞ்சது. குடோனுக்குள்ள ஒரு ஃபேக்டரி.

அப்புறம் 1990கள். 1993-ல் கோகன் ஹோடாமிஸ்லிகில் குழு, குண்டு எலிகளின் கொழுப்பிலிருந்து அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷமே ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் ஹார்மோனின் மரபணுவைப் பிடிச்சாங்க. லெப்டினைச் சுரப்பதும் கொழுப்புதான். 2003-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியா ஒரே விஷயத்தைச் சொன்னாங்க: உடம்பு பெருத்தா கொழுப்புக்குள்ள மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளை விழுங்குகிற வெள்ளணுக்கள், வந்து குடியேறுது. வீங்கிச் செத்த கொழுப்பு செல்லைச் சுத்தி இவை வளையமா நிக்கிறதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தா கிரீடம் மாதிரி இருக்கும். 2011-ல் ஆண்ட்ரூ டானன்பெர்க் குழு மார்பகத் திசுவிலேயே அதைத் தேடினாங்க. 30 பெண்களில் 14 பேருக்கு இருந்தது. எடை கூடியவர்களிடம் அதிகம்.

நம்ம பொழப்பில் இதுக்கு ஒரு உதாரணம் உண்டு. லாக் ஃபைல்ல ராப்பகலா எச்சரிக்கை கொட்டிக்கிட்டே இருந்தா, உண்மையான எர்ரர் வரும்போது எவனும் பார்க்க மாட்டான். கொழுப்பில் நடக்கிற ஓயாத சின்ன அழற்சியும் அப்படித்தான். கூடவே புது ரத்தக் குழாய், செல் பெருக்கம்னு புற்றுக்கு வேண்டியதையும் அது ஏற்பாடு பண்ணித் தருது.

இன்னொரு பக்கம், நோய் எதிர்ப்பு சக்திக்கும் புற்றுக்குமான கதை. கட்டிக்குள்ள வெள்ளணுக்கள் இருப்பதை 1863-லேயே விர்க்கோ கவனிச்சார். உடம்பே புற்றைத் தடுத்து வைக்குதுன்னு 1909-ல் எர்லிக் சொன்னதை, 1957-ல் பர்னெட் ஒரு கொள்கையா எழுதினார். டி செல்கள்தான் ரோந்து போலீஸ். அந்த போலீஸின் கையைக் கட்டிப்போடும் பிரேக்குகள் இருக்கு, அதை விடுவிச்சா புற்றைத் தாக்கும்னு காட்டினதுக்கு ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் வாங்கினாங்க. ஹோன்ஜோ கண்டுபிடிச்ச பிரேக் பேரு பிடி-1.

ரெண்டு கதையும் சந்திக்கிற இடம்தான் எனக்குப் பிடிச்சது. 2020-ல் ஹார்வர்டில் மார்சியா ஹெய்கிஸ், ஆர்லீன் ஷார்ப் குழுக்கள் எலிகளில் பார்த்தது இது: கொழுப்புத் தீனி தின்ன எலியில் புற்று செல்கள் தங்கள் சமையலையே மாத்திக்கிட்டு, சுத்தியிருக்கிற கொழுப்பை அள்ளித் தின்னுது. டி செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கட்டிக்குள்ள அதுக்குத் தீனி பத்தாம, எண்ணிக்கையும் குறையுது, வீரியமும் குறையுது. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் ஹுவா யூ குழு மார்பகக் கட்டியில் லெப்டினும் பிடி-1-ம் சேர்ந்து டி செல்லைச் சர்க்கரையை விட்டு கொழுப்பை எரிக்கும்படி திருப்புதுன்னு காட்டினாங்க. சண்டை போட சர்க்கரை வேணும். போலீஸ் ஸ்டேஷன்ல ஆள் இருக்கு, ஜீப்புக்கு டீசல் இல்லை.

ஒரு குசும்பும் உண்டு. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில், குண்டு எலிகளின் டி செல் சீக்கிரம் களைச்சுப் போனாலும், பிடி-1 பிரேக்கை விடுவிக்கிற மருந்து அவற்றில்தான் நல்லா வேலை செஞ்சது. கட்டு இறுக்கமா இருந்ததால, அவிழ்த்தப்ப பலனும் அதிகம்.

சரி, அத்தையோட கேள்வி? எடை மெஷின் சொல்றது பாதிதான். 2004-ல் லான்செட்டில் ஒரு படம் வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின், ரெண்டு பேருக்கும் ஒரே பி.எம்.ஐ., 22.3. ஆனா உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! பார்வைக்கு ஒல்லி, உள்ள கொழுப்பு. நம்ம ஊர் உடம்பு பலதும் அப்படித்தான். டானன்பெர்க் குழுவே பின்னாடி, 2017-ல், பி.எம்.ஐ. சரியா இருந்த 72 பெண்களைப் பார்த்தாங்க. 39 சதவீதம் பேரின் மார்பகக் கொழுப்பில் அதே அழற்சி. அதே சமயம், கொழுப்பு வாய்ப்பைக் கூட்டுகிற காரணங்களில் ஒண்ணுதான். அது இல்லாமலேயும் ஏராளமான பேருக்கு வருது. அத்தையிடம் இதைத்தான் சொன்னேன், தின்ன சோத்துக்குத் தண்டனை இல்லைன்னு. "அப்ப அவ சொன்னது பொய்யி"ன்னாங்க, உடனே. முழுப் பொய்யும் இல்லைன்னு விளக்க இன்னொரு அரை மணி ஆச்சு :-)

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25-க்கு மேலே. அதுக்கு முந்தைய கணக்கெடுப்பில் 30.9. தென்னிந்தியாவில் 2002-05-ல் 1,866 மார்பகப் புற்று நோயாளிகளை, ஏறக்குறைய அதே அளவு மத்த பெண்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒண்ணு 2008-ல் வந்தது. நகரத்துப் பெண்கள் மட்டுமில்லை, கிராமத்துப் பெண்களும் அதில் உண்டு. இடுப்புச் சுற்றளவு 85 செ.மீ. தாண்டினவங்களுக்கு ஆபத்து கூடுதல்னு அதில் இருக்கு. அளக்க ஆஸ்பத்திரி மெஷின் வேண்டாம், தையல்காரர் டேப்பே போதும்.